இல்லாத இரண்டு கட்டுரைகள்

"தம்பி, நீ குடுத்த லிஸ்ட்ல ஏழாவதும் பன்னெண்டாவதும் எங்க தேடியும் கிடைக்கலடா. எனக்குத்தான் தேடத் தெரியலையா?"

அக்கா இதைக் கேட்டபோது ஒரு வியாழக்கிழமை இரவு ஒன்பதரை மணி இருக்கும். நான் பெங்களூரில் அலுவலக அழைப்பு ஒன்றில் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மதுரையில், சமையலறையில் நின்றபடி பேசினாள். குக்கர் விசில் கேட்டது. மூன்று நாட்களாகத் தேடியிருக்கிறாள். கல்லூரி நூலகத்தில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறாள், போனில் தேடியிருக்கிறாள், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளை உட்காரவைத்துத் தேடச் சொல்லியிருக்கிறாள். வகுப்பில் கைடு மேடம் கேட்டிருக்கிறார்: "சிஸ்டர், இந்த ரெண்டுக்கும் ஃபுல் டெக்ஸ்ட் எடுத்துட்டு வாங்க." சரி மேடம் என்று வந்துவிட்டாள். என் பெயரைச் சொல்லவில்லை.

அந்த இரண்டு கட்டுரைகளையும் யாரும் எழுதவில்லை. அழைப்பை வைத்த பத்து நிமிடத்தில் எனக்கு அது தெரிந்துவிட்டது. ஏழாவதில் இருந்த இதழ் உண்மையானது, தொகுதி எண் உண்மையானது. அந்தப் பக்கங்களில் இருந்ததோ வேறு யாரோ வேறு எதைப் பற்றியோ எழுதியது. பன்னிரண்டாவதன் டிஓஐ எண்ணைப் போட்டால் மண்வளம் பற்றிய ஒரு கட்டுரை திறந்தது. அக்கா கேட்டபோது நான் செய்தது இவ்வளவுதான்: ஒரு சாட்பாட்டைத் திறந்து, ஃபிளபைட்டிஸ் தடுப்பு பற்றி 2015க்குப் பிறகு வந்த 15 ஆய்வுக் கட்டுரைகளை வான்கூவர் முறையில் பட்டியலிடு என்று தட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் மூன்றை மட்டும் தேடிப் பார்த்தேன், இருந்தன. அப்படியே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டேன், ஒரு கட்டைவிரல் படத்தோடு.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அந்த இயந்திரம் அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து ஊகித்துத்தான் வாக்கியம் கட்டுகிறது, கட்டுரைப் பட்டியல் கேட்டால் பட்டியல் மாதிரியே தோன்றும் ஒன்றையும் கட்டிவிடும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். அலுவலகத்தில் சோதிக்காத நான்கு வரி நிரலை ஒரு ஜூனியர் அனுப்பினால் திருப்பி அனுப்புகிறவன் நான். அக்காவுக்கு என்றபோது அந்த நான்கு வரி ஒழுக்கம்கூட எனக்கு வரவில்லை. அவளுடைய படிப்பை நான் எந்த இடத்தில் வைத்திருந்தேன் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அக்கா படித்தது மூன்று வருட நர்சிங் டிப்ளமா. பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட நல்ல மார்க் வாங்கியவள். எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம். அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். டிப்ளமா என்றால் சீக்கிரம் சம்பளம் வரும், அடுத்தவன் பையன், அவன் இஞ்சினியரிங் படிக்கணும் என்று வீட்டில் முடிவானது. யார் முடிவு செய்தார்கள் என்று இப்போது கேட்டால் யாருக்கும் நினைவில்லை. 2007 முதல் நான்கு வருடம் என் கல்லூரிக் கட்டணத்தின் பெரும்பகுதி அவள் சம்பளத்திலிருந்து வந்தது. அவள் கல்யாணமும் அதனால் இரண்டு வருடம் தள்ளிப்போனது. இதை யாரும் வீட்டில் சொல்லிக்காட்டியதில்லை. நானும் அதிகம் நினைத்ததில்லை.

பதினெட்டு வருடம் வார்டில் நின்ற பிறகு, போன வருடம் வேலையை விட்டுவிட்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங் சேர்ந்தாள். இரண்டு வருடப் படிப்பு. டிப்ளமாக்காரர்கள் பட்டதாரி ஆக உள்ள வழி அது. சனி, ஞாயிறு இரவுகளில் ஒரு நர்சிங் ஹோமில் டியூட்டி பார்க்கிறாள். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் வீட்டு வேலை ஒன்றும் குறையவும் இல்லை. அந்தப் படிப்பில் நர்சிங் ஆராய்ச்சியும் புள்ளியியலும் ஒரு பாடம். ஒரு சின்ன ஆய்வு செய்து அறிக்கை தர வேண்டும். அறிக்கையின் இரண்டாம் அத்தியாயம், இதுவரை பிறர் செய்த ஆய்வுகளின் தொகுப்பு. அதற்குத்தான் நம்பகமான இதழ்களிலிருந்து கட்டுரைகள் வேண்டும்.

அவள் தலைப்பு இது: 'தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியரிடையே ஐ.வி. கான்யுலாவினால் ஏற்படும் ஃபிளபைட்டிஸ் தடுப்பு குறித்த அறிவை மதிப்பிடும் ஆய்வு'. நம் ஊர் நர்சிங் கல்லூரிகளின் நூலகத்துக்குப் போனால் இதே அச்சில் வார்த்த தலைப்புகள் அலமாரி அலமாரியாக இருக்கும். நோயின் பெயர் மட்டும் மாறும். ஆனால் அக்கா இதை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2019-ல் அம்மா காய்ச்சலில் ஒரு மருத்துவமனையில் இருந்தபோது, புறங்கையில் போட்ட வென்ஃப்ளானை ஐந்தாம் நாள்வரை யாரும் மாற்றவில்லை. அக்கா ஊரிலிருந்து வந்து பார்க்கையில் நரம்பு சிவந்து, முழங்கை வரை கயிறு மாதிரி தடித்திருந்தது. தொட்டால் அம்மா துடித்தாள். காய்ச்சல் போய் இரண்டு வாரம் கழித்தும் அந்தக் கையால் அவளால் துணி பிழிய முடியவில்லை. (பாடப்புத்தகத்தில் சிரை என்பார்கள். வார்டில் டாக்டர் முதல் நோயாளி வரை எல்லோருக்கும் அது நரம்புதான்.)

வெள்ளி இரவு பஸ் ஏறினேன். சனிக்கிழமை காலை அவளிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்போ எனக்குத் தேடத் தெரியலைன்னு இல்ல," என்றாள். நிம்மதியாகச் சொன்னாள். திட்டு வாங்கியிருக்கலாம்.

*

டைனிங் டேபிளைத் துடைத்துவிட்டு லேப்டாப்பை வைத்தோம். எனக்கிருந்த தன்னம்பிக்கை கொஞ்ச நேரத்தில் கலைந்துவிட்டது. தேடுவது என் தொழில் என்று நினைத்திருந்தேன். கூகுளில் அவள் சொன்ன சொற்களைப் போட்டால் வந்ததெல்லாம் மருத்துவமனை விளம்பரமும் பரீட்சை நோட்ஸும்தான். ஆய்வுக் கட்டுரைகளுக்கான பப்மெட்டில் 'வென்ஃப்ளான்' என்று போட்டால் மிகச் சில. அது ஒரு கம்பெனியின் பெயர். நம் ஊர் வார்டுகளில் பொதுப்பெயராகிவிட்டது. ஆய்வாளர்கள் 'பெரிஃபெரல் இன்ட்ராவீனஸ் கேத்தட்டர்' என்று எழுதுவார்கள், சுருக்கமாகப் பிவிசி. பிவிசி என்று போட்டேன். பிளாஸ்டிக் குழாய் பற்றியும் இதயத் துடிப்புக் கோளாறு பற்றியும் வந்து குவிந்தது.

வழி சொன்னது அக்காதான். அவள் வகுப்பு நோட்டில் இருந்தது, ஆனால் பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஒன்றாக இருந்தது. பப்மெட்டுக்குப் பின்னால் இருக்கும் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960 முதலே மெஷ் என்ற தலைப்புச்சொல் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. ஆசிரியர் எந்தச் சொல்லால் எழுதியிருந்தாலும், மெட்லைன் தொகுப்பில் வரும் ஒவ்வொரு கட்டுரைக்கும் அந்தப் பட்டியலிலிருந்து தலைப்புகள் ஒட்டப்படும். 'கேத்தடரைசேஷன், பெரிஃபெரல்' என்ற தலைப்பையும் 'ஃபிளபைட்டிஸ்' என்ற தலைப்பையும் 'மற்றும்' போட்டு இணைத்ததும் குப்பை விலகியது. பிறகு நான்கு கேள்வி: நோயாளி யார், என்ன செய்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவைப் பார்க்கிறோம். பைக்கோ என்பார்கள். அக்கா அதை ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் எழுதினாள். 'பெரியவர்கள்; வலியோ வீக்கமோ வந்தால் மட்டும் மாற்றுவது; மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுவது; ஃபிளபைட்டிஸ்'. பதினெட்டு வருடம் கையால் செய்த வேலை ஒரு வரிக் கேள்வியாக நின்றது. எனக்கு ஏனோ அந்த ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும் போல இருந்தது.

நர்சிங்குக்கென்றே இன்னொரு தொகுப்பு உண்டு, சினால். அதன் கதை எனக்குப் பிடித்தது. 1940களில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மருத்துவமனை ஒன்றில் எல்லா கிராண்டால் என்ற நூலகர் இருந்தார். டாக்டர்களின் கட்டுரைகளுக்கு அட்டவணைகள் இருந்தன. நர்ஸ்கள் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை. அவரே சின்னச் சின்ன அட்டைகளில் நர்சிங் இதழ்களின் கட்டுரைகளைக் குறித்து அடுக்கத் தொடங்கினார். 1961-ல் அது அச்சுப் புத்தகமாகி, பின்னால் கணினிக்குப் போனது. இன்று அது ஒரு நிறுவனத்தின் சொத்து, சந்தா கட்டினால்தான் திறக்கும். அக்கா கல்லூரியில் சந்தா இல்லை. 2025 தொடக்கத்தில் மத்திய அரசு 'ஒரே நாடு ஒரே சந்தா' என்று மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. நல்ல காரியம்தான். தனியார் கல்லூரியில் படிக்கும் அக்கா அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறாள்.

ஆகவே இலவசமாகக் கிடைப்பதில் தேட வேண்டும். இலவசமாகக் கிடைப்பதில் பாதி, காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் இதழ்கள். அவற்றின் பெயரில் 'இன்டர்நேஷனல்' கட்டாயம் இருக்கும். கொலராடோ பல்கலைக்கழக நூலகர் ஜெஃப்ரி பீல் இப்படிப்பட்டவற்றுக்கு வேட்டை இதழ்கள் என்று பெயர் வைத்து ஒரு பட்டியல் நடத்தினார். 2017 ஜனவரியில் அதை எடுத்துவிட்டார். 2013-ல் ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து ஒரு புற்றுநோய் மருந்துக் கட்டுரையைத் தயாரித்து, இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் 304 இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அந்த ஓட்டைகளைப் பள்ளி வேதியியல் தெரிந்தவன்கூடப் பிடித்திருப்பான் என்று அவர் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். ஐதராபாத்திலிருந்து இயங்கிய ஒரு பதிப்பாளர் மீது அமெரிக்க வணிக ஆணையம் வழக்குப் போட்டு, 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லி 2019-ல் தீர்ப்பும் வந்தது. இந்தத் தொழிலில் நம் நாட்டுக்கு நல்ல பங்கு உண்டு.

இதையெல்லாம் அக்காவுக்கு நான் ஏற்ற இறக்கத்தோடு விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்காமல் விட்டது ஒன்று உண்டு. 2011-ல் என் கடைசி வருடப் புராஜெக்ட்டும் அப்படி ஓர் 'இன்டர்நேஷனல் ஜர்னலில்' வந்தது. அனுப்பிய மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது. கட்டணம் 2,500 ரூபாய். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு உதவும் என்று ஹெச்.ஓ.டி. சொல்லியிருந்தார். பணம் அக்காவிடம் வாங்கினேன். அந்த வரி இன்றும் என் ரெஸ்யூமேயில் இருக்கிறது.

*

எந்த இதழ் நல்ல இதழ் என்று பார்க்க நான் தொழில்நுட்ப வழிகள் வைத்திருந்தேன். ஆசிரியர் குழுவின் முகவரியைப் பார், எத்தனை நாளில் ஏற்கிறார்கள் என்று பார், மெட்லைனில் இருக்கிறதா என்று பார். பப்மெட்டில் வந்துவிட்டால் மட்டும் போதாது. நிதி கொடுத்த அமைப்பு கேட்டது என்பதற்காக உள்ளே போடப்படும் தனிக் கட்டுரைகள் வழியாகச் சந்தேகமான இதழ்களின் பெயரும் அங்கே எட்டிப்பார்க்கும். பெரிய பெயரும் போதாது. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்டின் கட்டுரை 1998-ல் வந்தது 'லான்செட்'டில்தான். வெறும் 12 குழந்தைகளை வைத்து எழுதியது. அதைத் திரும்பப் பெற 2010 வரை ஆனது.

அக்காவின் வழி வேறு. அவள் நேரே அட்டவணைக்குப் போனாள். ஒரு கட்டுரையில் 60 நோயாளிகள் என்று முதல் பத்தியில் இருந்தது. அட்டவணையில் ஆண், பெண் கூட்டினால் 64 வந்தது. "நாலு பேர் எங்கிருந்துடா வந்தாங்க, அட்டெண்டரா?" என்றாள். இன்னொன்றில் 30 பேருக்கு ஏழு நாள் ஒரே இடத்தில் கான்யுலா இருந்தது, ஒருவருக்குக்கூட ஃபிளபைட்டிஸ் வரவில்லை என்று இருந்தது. அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். "எந்த வார்டுன்னு கேளு. நானும் அங்க போய் வேலை பாக்குறேன். ஏழு நாள் பிளாஸ்டரே நிக்காது. வேர்வையில கழண்டுரும்." அந்த இதழின் இணையப் பக்கம் பளபளவென்று இருந்தது. தாக்க எண் போட்டிருந்தது. என் சோதனைகளில் பாதியை அது தாண்டியிருக்கும்.

மதியம் சாப்பிட்டுவிட்டு, அவள் சேர்த்து வைத்திருந்த பிரிண்ட் அவுட்களை எடுத்தாள். சீனியர்கள் கொடுத்த பழைய அறிக்கைகளும் இருந்தன. எல்லாவற்றிலும் ஒரு வரி: அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் விதிப்படி கான்யுலாவை 72 மணி நேரத்துக்குள் மாற்றியே ஆக வேண்டும். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் காட்டினார்கள். இந்த மாதிரிச் சங்கிலி எனக்குப் பழக்கம்தான். நாங்கள் எழுதும் நிரல் வேறொன்றின் மேல் நிற்கும், அது இன்னொன்றின் மேல். அடியில் என்றோ யாரோ எழுதிவிட்டுப் போன நூறு வரி இருக்கும். ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துப் பின்னால் போனோம். ஒன்று ஒரு பாடப்புத்தகத்தில் முட்டி நின்றது. ஒன்று இல்லாத பக்கத்துக்குப் போனது. மற்றவை கடைசியில் அந்த மையத்தின் 2011 வழிகாட்டியில் போய் நின்றன. அது இலவசமாகவே கிடைக்கிறது. அதில் இருந்தது வேறு: பெரியவர்களுக்கு 72 முதல் 96 மணி நேரத்தைவிட அடிக்கடி மாற்றத் தேவையில்லை.

அக்கா அந்த வரியை மூன்று முறை படித்தாள். 'அதைவிட அடிக்கடி வேண்டாம்' என்பது கைமாறிக் கைமாறி 'அதற்குள் மாற்றியே ஆக வேண்டும்' என்று ஆகியிருந்தது. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் மூலத்தைத் திறந்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட நான் எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா, எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டிருச்சுன்னு," என்றாள். "நல்லா ஓடிட்டிருக்கிற லைனை எடுத்துட்டு, கிழவிக்கு நாலு எடத்துல குத்தி நரம்பு தேடியிருக்கேன்டா."

மெஷ் தேடலில் மேலே வந்து நின்றது 2012 'லான்செட்' கட்டுரை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மூன்று மருத்துவமனைகள், 3,283 நோயாளிகள். பாதிப் பேருக்கு மூன்றாம் நாள் கட்டாயமாக மாற்றினார்கள், மீதிப் பேருக்குத் தேவை வந்தால் மட்டும். இரு பக்கமும் ஃபிளபைட்டிஸ் வந்தது 7 சதவீதம் பேருக்கு. முதல் ஆசிரியர் கிளேர் ரிக்கார்ட். யார் என்று தேடினேன். "நர்ஸ். நர்சிங் பேராசிரியர்," என்றேன்.

"டாக்டர் இல்லையா?"

"இல்ல. நர்ஸ்."

லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். படத்தைப் பார்த்தாள், பெயரைத் தன் நோட்டில் எழுதினாள். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்னோடு பேசவில்லை. நான் எழுந்து போய் டீ போட்டேன்.

திரும்பி வந்தபோது எனக்கு உற்சாகமாக இருந்தது. முடிந்தது வேலை, பழைய விதி தப்பு, புதிய ஆய்வு சரி, நல்ல இதழ், பெரிய எண்ணிக்கை, இதை நடுவில் வைத்து எழுது என்றேன். அவள் தலையாட்டவில்லை.

"தேவைப்பட்டா மாத்துன்னா, தேவைன்னு யாராவது பாத்துச் சொல்லணும்ல? அங்க ஒரு நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்டு?"

எனக்குத் தெரியவில்லை. அவள் டிப்ளமா முடித்து முதலில் பார்த்த வார்டில் 28 படுக்கைக்கு இரவில் இரண்டு பேர். ஒருவர் தியேட்டர் கேஸை அழைத்துவரப் போனால் ஒருவர். "அந்த நேரத்துல ஒவ்வொரு கையா டார்ச் அடிச்சுப் பாப்பாங்களா? வலிக்குதுன்னு பேஷண்ட்டே சொன்னாத்தான் உண்டு. மயக்கத்துல இருக்கிறவங்க எப்படிச் சொல்லுவாங்க? மூணு நாள்ங்கிற ரூல் முட்டாள்தனமா இருக்கலாம். ஆனா பாக்க ஆளில்லாத எடத்துல அந்த ரூலாவது ஒரு தடவை நம்மள அந்தக் கையைப் பாக்க வைக்கும்." அம்மாவின் கையைத்தான் சொல்கிறாள் என்று புரிந்தது. அங்கே எழுபத்திரண்டு மணி நேர விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியிருந்தால்கூட அம்மாவின் கை தப்பியிருக்கும்.

அப்படி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடலாம் என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. வேண்டிய பதில் கிடைத்ததும் தேடலை நிறுத்துகிறவன் நான். அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை. ஒரு மணி நேரத்தில் கிடைத்தது. ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனைகள், 'ஜாமா இன்டர்னல் மெடிசின்', 2021. 4 லட்சத்துக்கு மேற்பட்ட கான்யுலாக்களின் பதிவு. கட்டாயமாக மாற்றிவந்த காலத்தில், சுமார் இரண்டேகால் வருடத்தில், கான்யுலா வழியாக ரத்தத்தில் கிருமி ஏறியது 11 முறை. தேவைக்கு மாற்றலாம் என்று ஆக்கிய பிறகு, ஒன்றரை வருடத்தில் 46 முறை. பழைய முறைக்கே திரும்பிவிட்டார்கள். குயின்ஸ்லாந்தில் எண்ணியது பெரும்பாலும் நரம்பின் வீக்கத்தை. இவர்கள் எண்ணியது மிக அரிதாக, ஆனால் உயிருக்கே ஆபத்தாக வரும் ஒன்றை. அரிதானதைப் பார்க்க மூவாயிரம் பேர் போதாது. ஜெனிவா ஆய்வோ சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை, காலத்தில் முன்பின் ஒப்பிட்டது; அதற்கு அந்தப் பலவீனம். இரண்டுமே நல்ல இதழ்கள், இரண்டுமே நேர்மையான ஆய்வுகள்.

"இப்ப எதைப் போடுறது?" என்றேன்.

"ரெண்டையும்தான். எங்க வார்டு ரெண்டுலயும் இல்லைன்னு ஒரு வரி சேத்துப் போடுவேன்."

அன்றிரவு ஏழு மணிக்கு டியூட்டிக்குக் கிளம்பிப் போனாள். பையில் ஜெனிவா கட்டுரையின் பிரிண்ட் இருந்தது.

*

அடுத்த ஆறு வாரம் அவளே தேடினாள். என்னிடம் வந்த கேள்விகள் குறைந்தன, கடினமாயின. கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் பற்றி ஒருநாள் கேட்டாள். நான் படித்துவிட்டுத்தான் சொல்ல முடிந்தது. இல்லாத இரண்டையும் பற்றி மேடத்திடம் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள், சரிபார்க்காமல் கம்ப்யூட்டரில் எடுத்தது, தப்பு என்று. அப்போதும் என் பெயர் இல்லை. கடைசியில் அவள் பட்டியலில் 14 கட்டுரைகள். வகுப்பில் மற்றவர்கள் நாற்பது, ஐம்பது வைத்திருந்தார்கள்.

"குறைவா இருக்கே சிஸ்டர்," என்றாராம் மேடம்.

"இதெல்லாம் நான் படிச்சது மேடம்."

மேடம் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அக்கா போனை நீட்டினாள். ஆசிரியர் பெயரைப் போட்டு அவர் எழுதியதையெல்லாம் தேடும் வழியை அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். சும்மா இருந்த நேரத்தில் என் பெயரைப் போட்டுப் பார்த்திருக்கிறாள். 2011, நான்கு பக்கம், இரண்டு பத்தி நெடுக்காக அச்சிட்ட என் கட்டுரை. அந்த இதழின் தளம் இப்போது இல்லை, யாரோ ஏற்றிய நகல் மட்டும் கிடைக்கிறது.

"இதுக்குத்தானே ரெண்டாயிரத்து ஐநூறு வாங்குன?"

"ஆமா."

"மூணு நாள்ல ஏத்துக்கிட்டாங்களா? மேல போட்டிருக்கு, ரிசீவ்டு, அக்செப்டட்னு."

"ஆமாக்கா."

அவள் பக்கத்தை விரலால் தள்ளிக் கடைசிக்குப் போனாள். "பத்து ரெஃபரன்ஸ் குடுத்திருக்க. எத்தனை படிச்ச?"

அத்தான் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணு," என்றேன். அதுவும் முழுசாக இல்லை.